தொழில் சங்கங்களுக்குள் சிறப்பு ஆர்வக் குழுக்கள்: அமைப்பது எப்படி, கவனிக்க வேண்டியவை எவை? - ஒரு விளக்கம்

ஆயிரக்கணக்கான ஊழியர்களைக் கொண்ட பெருநிறுவனமும், பத்துப் பேருடன் இயங்கும் சிறு நிறுவனமும் ஒரே தொழில் சங்கத்தில் உறுப்பினர்களாக இருப்பது நாட்டில் இயல்பான ஒன்று. இருவரும் சந்தா செலுத்துகின்றனர். ஆண்டுக் கூட்டத்தில் பங்கேற்கின்றனர். ஆனால், அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் ஒன்றல்ல. ஒரு துறைக்குள் புதிய பிரிவுகள் உருவாகும்போது இந்த இடைவெளி மேலும் விரிவடைகிறது.

இதற்குத் தீர்வாகத் தொழில் சங்கங்கள் கையாளும் வழிமுறையே சிறப்பு ஆர்வக் குழு. முறையாக அமைக்கப்பட்டால், சிறிய பிரிவின் குரல் அரசின் கொள்கை வகுக்கும் இடம் வரை சென்று சேரும். அவ்வாறு அமைக்கப்படாவிட்டால், உறுப்பினர்கள் சங்கத்தை விட்டு விலகி வேறு அமைப்பை நாடுவர். சில வேளைகளில் சங்கமே சட்ட நடவடிக்கைக்கு உள்ளாகவும் நேரிடும். இவை அனைத்துக்கும் இந்தியாவிலேயே முன்னுதாரணங்கள் உள்ளன.

சிறப்பு ஆர்வக் குழு என்றால் என்ன?

ஒரு சங்கத்தின் உறுப்பினர்களில், குறிப்பிட்ட பொருளில் ஈடுபாடு கொண்டவர்கள் தாமாக முன்வந்து இணையும் உட்பிரிவே சிறப்பு ஆர்வக் குழு. இது நிலைக்குழுவிலிருந்து வேறுபட்டது. நிலைக்குழுக்கள் நிதி, தேர்தல் போன்ற சங்கத்தின் நிர்வாகப் பணிகளைக் கவனிப்பவை. அவற்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் நியமிக்கப்படுபவர்கள். ஊர் வாரியாக அமையும் கிளைகளிலிருந்தும் இது வேறுபட்டது. கிளையை இணைப்பது இடம். சிறப்பு ஆர்வக் குழுவை இணைப்பது பொருள்.

1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியக் கணினிச் சங்கத்தில் கிளைகளும் சிறப்பு ஆர்வக் குழுக்களும் ஒருசேரச் செயல்பட்டு வந்துள்ளன.

சட்டப்படி இத்தகைய குழுவுக்குத் தனி இருப்பு இல்லை. இந்தியாவில் தொழில் சங்கங்கள் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் அல்லது அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுகின்றன. அல்லது, 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவாகின்றன. அவற்றுக்குள் அமையும் குழுவோ தனியாகப் பதிவு செய்யப்படுவதில்லை. அதன் அதிகாரம் அனைத்தும் சங்கத்தின் துணைவிதிகளிலிருந்தே பெறப்படுகிறது. எனவே, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வழக்கு ஆகிய யாவும் சங்கத்தின் பெயரிலேயே அமையும். குழு தவறிழைத்தாலும் பதில் சொல்ல வேண்டியது சங்கம்தான்.

உலக அளவில் முன்மாதிரி

இந்த வடிவத்துக்கு நன்கு அறியப்பட்ட முன்மாதிரி, 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏசிஎம் என்ற கணினியியல் சங்கம். கணினி வரைகலையில் ஆர்வம் கொண்ட சிலர் 1960-களில் அச்சங்கத்துக்குள் சிறு குழுவாகக் கூடினர். 1969-இல் அது முழுமையான சிறப்பு ஆர்வக் குழு என்ற தகுதியைப் பெற்றது. 'சிக்கிராஃப்' எனப்படும் அக்குழு தனது முதல் மாநாட்டை 1974-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடத்தியது. இன்று அந்த மாநாடு கணினி வரைகலைத் துறையின் முதன்மையான நிகழ்வாகத் திகழ்கிறது.

ஏசிஎம் அமைப்பில் தற்போது 30-க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. குழுக்களுக்குத் தனிச் சந்தாவும், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகளும் உண்டு. எனினும், தொடங்கப்பட்ட குழு என்றென்றும் நீடிக்கும் என்ற உறுதி அங்கு இல்லை. ஒவ்வொரு குழுவும் உயிர்ப்புடன் செயல்படுகிறதா என்பது குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வு செய்யப்படுகிறது.

நாஸ்காம்: இரு வேறு அனுபவங்கள்

இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் தேசியக் கூட்டமைப்பான நாஸ்காம் 1988-இல் தொடங்கப்பட்டது. அதன் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் இங்கு கவனத்துக்குரியவை.

முதலாவது, தரவுப் பாதுகாப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தரவுகளை இந்திய நிறுவனங்கள் பெருமளவில் கையாளத் தொடங்கியபோது, அவற்றின் பாதுகாப்பு குறித்த நம்பிக்கையை ஏற்படுத்துவது ஒட்டுமொத்தத் துறைக்கும் அவசியமாயிற்று. இதற்காக 2008-ஆம் ஆண்டு, இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கவுன்சிலை லாப நோக்கற்ற தனி அமைப்பாக நாஸ்காம் நிறுவியது. பெரிய நிறுவனங்கள், சிறிய நிறுவனங்கள் என அனைவருக்கும் நோக்கம் ஒன்றாக இருந்ததால், ஒரு பொருளுக்கான முயற்சி தனி அமைப்பாக வளர்ந்தும் தாய்ச் சங்கத்துடனான உறவு தொடர்ந்தது.

இரண்டாவது, மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்கள் தொடர்பானது. நாஸ்காமில் மென்பொருள் சேவை ஏற்றுமதி நிறுவனங்களே வலுவான இடத்தில் இருந்தன. சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்ற நிறுவனங்களின் தேவைகள் வேறாக இருந்தன. ஒரே மென்பொருள் விற்பனைக்கு மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் மத்திய அரசின் சேவை வரியும் சேர்ந்து விதிக்கப்படுவது அக்காலத்தில் அவர்களது முக்கியக் குறைகளுள் ஒன்று. நாஸ்காமுக்குள் தயாரிப்பு நிறுவனங்களுக்கென மன்றம் இருந்தது. ஆயினும், 2013 பிப்ரவரியில் சுமார் 30 தயாரிப்பு நிறுவனங்களின் ஆதரவுடன் 'ஐஸ்பிரிட்' என்ற புதிய அமைப்பு உருவானது. நாஸ்காமின் தயாரிப்பு மன்றத்தில் முன்னணியில் இருந்த ஷரத் சர்மா அதன் நிறுவனர்களில் ஒருவர். தன்னைத் தொழில் சங்கம் என்று கூறிக்கொள்ளாமல், சிந்தனைக் குழாம் என்றே ஐஸ்பிரிட் அடையாளப்படுத்திக் கொண்டது.

அதே காலகட்டத்தில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என்.ஆர். நாராயண மூர்த்தி தலைமையிலான குழு, நாஸ்காமின் அமைப்பு முறையில் மாற்றங்களைப் பரிந்துரைத்தது. பிரிவு வாரியான மன்றங்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் கிடைத்ததும் அதன் பின்னரே.

இந்த இரு அனுபவங்களும் உணர்த்துவது ஒன்றே. உறுப்பினர் அனைவரின் நலனும் ஒத்துப்போகும் பொருளில், குழு அமைப்பது எளிது. சிறுபான்மைப் பிரிவின் நலன் பெரும்பான்மையின் முன்னுரிமைகளிலிருந்து வேறுபடும்போது, மன்றம் ஒன்றைத் தொடங்குவது மட்டும் போதாது. அந்த மன்றத்தின் கருத்து செயற்குழுவைச் சென்றடைவதற்கும், அங்கு முடிவு எட்டப்படுவதற்கும் விதிகளிலேயே வழி இருக்க வேண்டும்.

குழுவை அமைக்கும் முறை

பொதுவாக, குழுவின் தேவையை விளக்கும் முன்மொழிவை உறுப்பினர்கள் சிலர் கையொப்பமிட்டுச் செயற்குழுவிடம் அளிப்பதே முதல் படி. எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பதைத் துணைவிதிகள் தீர்மானிக்கும். துணைவிதிகளில் இத்தகைய குழுக்களுக்கு இடமில்லை எனில், முதலில் பொதுக்குழுவைக் கூட்டி விதிகளைத் திருத்த வேண்டும்.

இரண்டாவதாக, செயல்வரம்பை எழுத்து வடிவில் வகுக்க வேண்டும். எந்தப் பொருளைப் பற்றிக் குழு பேசும், எதைப் பற்றிப் பேசாது, ஓராண்டில் எதைச் செய்து முடிக்கும் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். 'துறையின் வளர்ச்சிக்குப் பாடுபடுதல்' என்பது போன்ற பொதுவான வாசகம் செயல்வரம்பு ஆகாது. 'சிறு நிறுவனங்களுக்கான அரசுக் கொள்முதல் விதிகள் குறித்து ஆறு மாதங்களுக்குள் பரிந்துரை அளித்தல்' என்பது செயல்வரம்பு.

மூன்றாவதாக, ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அவரது பதவிக்காலமும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்து பொறுப்பு வகித்தால், குழு அந்நிறுவனத்தின் விளம்பர மேடையாகிவிடும் என்ற ஐயம் மற்ற உறுப்பினர்களிடையே எழும்.

நான்காவது, நிதி. குழு தனிச் சந்தா வசூலிக்கலாமா, நிகழ்ச்சிகளுக்கு நன்கொடை பெறலாமா, வருவாயில் சங்கத்தின் பங்கு எவ்வளவு என்பவை தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட வேண்டும். கணக்குகள் சங்கத்தின் தணிக்கைக்கு உட்பட்டவை.

ஐந்தாவது, பேசும் உரிமை. குழுவின் பெயரில் அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதலாமா, ஊடகங்களுக்கு அறிக்கை தரலாமா, செயற்குழுவின் முன் ஒப்புதல் தேவையா என்பதில் தெளிவு வேண்டும். குழுவின் கருத்தும் சங்கத்தின் நிலைப்பாடும் முரண்படும்போது, மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய வழி இருப்பது உறுப்பினர்கள் வெளியேறுவதைத் தடுக்க உதவும்.

தாண்டக் கூடாத எல்லை

ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் ஓர் அறையில் கூடும்போது எழும் ஆபத்து, சட்டம் சார்ந்தது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, விலையை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது, சந்தையைப் பங்கிட்டுக் கொள்வது போன்ற உடன்பாடுகளைத் தடை செய்கிறது. நிறுவனங்களுக்கு இடையிலான உடன்பாடுகள் மட்டுமன்றி, நிறுவனங்களின் சங்கங்கள் எடுக்கும் முடிவுகளும் இதன் வரம்புக்குள் வருகின்றன.

இதற்கு முக்கிய உதாரணம் சிமென்ட் வழக்கு. 2012 ஜூன் மாதம், இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு சுமார் ரூ.6,300 கோடி அபராதம் விதித்தது. சிமென்ட் உற்பத்தியாளர்கள் சங்கமும் அபராதத்துக்கு உள்ளானது. சங்கத்தின் வாயிலாக விலை, உற்பத்தித் தகவல்கள் பகிரப்பட்டதையும், சங்கத்தின் உயர்நிலைக் குழுக் கூட்டங்களைத் தொடர்ந்து விலை உயர்ந்ததையும் ஆணையம் சுட்டிக்காட்டியது. நடைமுறைக் குறைபாட்டின் காரணமாக 2015-இல் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மறுவிசாரணைக்குப் பின் 2016 ஆகஸ்டில் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. அதை 2018-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகின.

எனவே, சிறப்பு ஆர்வக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வழங்கப்படுவதும், நடவடிக்கைக் குறிப்பு எழுதப்படுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. விலை, தள்ளுபடி, எதிர்கால உற்பத்தி, தனிப்பட்ட வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றை விவாதிக்கக் கூடாது. எவரேனும் அவற்றைப் பேசத் தொடங்கினால், தமது எதிர்ப்பைக் குறிப்பில் பதிவு செய்துவிட்டுக் கூட்டத்திலிருந்து வெளியேறுவதே உறுப்பினருக்குப் பாதுகாப்பு.

இணைவதற்கு முன் கேட்க வேண்டியவை

சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை நேரமே பெரிய முதலீடு. குழுவில் சேரும் முன் சில கேள்விகளுக்கு விடை பெறுவது நல்லது. செயல்வரம்பு எழுத்தில் உள்ளதா? கடந்த ஓராண்டில் குழு அளித்த பரிந்துரைகள் எவை, அவற்றின் மீது செயற்குழு என்ன முடிவெடுத்தது? ஒருங்கிணைப்பாளரின் பதவிக்காலம் எப்போது முடிகிறது? நடவடிக்கைக் குறிப்புகளை உறுப்பினர்கள் பார்வையிட முடியுமா?

இவற்றுக்கு விடை கிடைத்தால், அந்தக் குழு இயங்குகிறது என்று கொள்ளலாம். விடை இல்லாத குழுவைச் சீரமைக்க வேண்டும். இயலாவிட்டால் முறைப்படி கலைத்துவிட வேண்டும். பெயரளவில் நீடிக்கும் குழுவால், தமது குறையைச் சொல்ல ஓர் இடம் இருப்பதாக உறுப்பினர்கள் நம்பிக் காத்திருப்பதே மிச்சம்.