ஒளியைத் திருத்தினால் நிறமும் மாறும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு விசேஷம் நடந்தால், ஊரிலிருக்கும் பெரியவர்களுக்கு முதலில் போய்ச் சேருவது புகைப்படந்தான். தில்லியிலோ மும்பையிலோ எடுத்த அப்படத்தைக் கண்டு, “பிள்ளையின் முகம் ஏன் இப்படி மஞ்சள் பூத்திருக்கிறது? உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று தாயார் கவலைப்படுவதுண்டு. அரக்குப் பட்டு என்று நாம் சொல்லியிருப்போம். படத்திலோ அது செக்கச் செவேலென்று தோன்றும். நாம் காமிராவின்மீது பழி சுமத்துகிறோம். உண்மையில், படத்தின் ஒளியைச் சீராக்க நாம் செய்த திருத்தமே பல சமயங்களில் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

காமிராவின் உணரிக்கு நிறம் தெரியாது; தன்மேல் விழும் ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே, அதன் நுண்கட்டம் ஒவ்வொன்றின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியைப் பதிக்கிறார்கள். பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம் என்னும் அமைப்பே பெரும்பாலான காமிராக்களில் உள்ளது. இதற்கு 1976-இல் காப்புரிமை பெற்றவர் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர். இவ்வாறு பதிவான அளவுகளை ஏறக்குறைய அப்படியே சேமித்து வைப்பதுதான் ‘ரா’ கோப்பு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள் உண்டு. அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களைப் பெறுகிறோம். அம்மூன்றுக்கும் இடையிலுள்ள விகிதமே நிறத்துக்கு அடிப்படை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முகத்தில் ஒரு புள்ளியில் சிவப்பு 40, பச்சை 20, நீலம் 10 என்று கொள்வோம். விகிதம் 4:2:1. வெளிச்சத்தை இருமடங்காக்கினால் 80, 40, 20 ஆகும். விகிதம் மாறவில்லை, நிறமும் மாறாது. மீண்டும் இருமடங்காக்கினால் 160, 80, 40 ஆக வேண்டும். ஆனால் உச்ச அளவு 100 தான். நிறைந்த படியில் மேலும் நெல்லைக் கொட்டினால் வழிந்தோடுவதுபோல, சிவப்பின் மிகுதி வீணாகிறது. எஞ்சுவது 100, 80, 40. மாநிற நெற்றி மஞ்சளாவது இதனாலேயே.

இனி, இருண்ட பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 8, 4, 2 என்றிருக்கும் எண்களுடன் இரண்டிரண்டு கூட்டினால் 10, 6, 4 ஆகும். 4:2:1 என்ற விகிதம் 5:3:2 ஆகிவிட்டது. நிழல் தெளிந்தது, ஆனால் நீர் மோர்போல நிறம் வெளிறிப்போயிற்று.

கான்ட்ராஸ்ட் எனப்படும் ஒளி-நிழல் வேறுபாட்டைக் கூட்டும்போது இதற்கு எதிரிடையானது நிகழ்கிறது. நடு அளவுக்கு மேற்பட்டவை உயர்கின்றன; கீழ்ப்பட்டவை தாழ்கின்றன. 70, 50, 30 என்ற எண்கள் 80, 50, 20 ஆகின்றன என்று வைத்துக்கொண்டால், உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 40 ஆக இருந்த இடைவெளி 60 ஆகிறது. நிறம் அடர்ந்துவிடுகிறது. அரக்கு எரிசிவப்பாவதும், முகம் செம்பு நிறங்கொள்வதும் இவ்வாறே.

அப்படியானால், நிறத்தைத் தொடாமல் ஒளியை மட்டும் மாற்ற இயலாதா? இயலும். இலவசமாகக் கிடைக்கும் ராதெரபி, டார்க்டேபிள் ஆகிய மென்பொருள்களில் அதற்கான தேர்வுகள் இருக்கின்றன. ஆயினும், அவ்வாறு செய்த படம் சில வேளைகளில் சோபையற்றுத் தோன்றும். ஒளி-நிழல் வேறுபாடு கூடும்போது நிறமும் செறிவதைப் பிலிம் காலத்திலிருந்தே கண்டு பழகியவை நம் கண்கள். ஆகவே இரண்டு முறைகளையும் செய்து பார்த்து, பொருளுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

வேலையை வரிசைப்படி செய்தால் தொல்லை குறையும். முதலில் வெண்மையைச் சமன் செய்ய வேண்டும். இதற்கு நீலம் போட்டு வெளுத்த வேட்டியை நம்பலாகாது. சாம்பல் நிற அட்டையே தக்கது. அடுத்து, எந்த நிறமும் வழிந்துவிடாதவாறு வெளிச்சத்தை அமைக்க வேண்டும். பின்னர் ஒளி-நிழல் வேறுபாடு. நிறச்செறிவைக் கடைசியில்தான் தொட வேண்டும். முன்னதாகவே அதைக் கூட்டிவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்டையும் ஏற்றுவோர், ஒரே பண்டத்தில் இருமுறை உப்பிட்டவராவர். தவறினாலும் அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய மென்பொருள்கள் திருத்தங்களைத் தனியே குறித்துக்கொள்கின்றன. மூலப் பதிவு அப்படியே இருக்கும்.

அனுப்புவதற்கு முன், புடவையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் படத்துடன் ஒப்பிடுவோம். முகத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்வோம். நேரில் வர இயலாத பெரியவர்களுக்கு அந்தப் படமே நாம். அவர்கள் காணும் நிறம் நம்முடைய நிறமாகவே இருக்கட்டும்.