வீட்டில் செய்யும் மேசை வானொலி

கடையில் வாங்கிய வானொலிப் பெட்டி பழுதானால் அலமாரிமேல் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நாமே பூட்டிய பெட்டியென்றால் திறந்து பார்க்கத் துணிவு வருகிறது. அப்படியொரு பெட்டியை வீட்டில் செய்வது எப்படி என்று இன்று பார்ப்போம்.

உள்ளே வேண்டியவை மூன்றே. அலையைப் பிடித்துப் பிரிக்கும் எஃப்.எம். பலகை ஒன்று, ஒலியைப் பெருக்கும் சிறு பலகை ஒன்று, 3 அங்குல ஒலிபெருக்கி ஒன்று. பெருக்கும் பலகையில் பி.ஏ.எம். 8403 என்னும் சில்லு இருந்தால், ஒலிபெருக்கிக்குப் போகும் இரு கம்பிகளில் எதையும் பொதுக் கம்பியோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சில்லு கெட்டுவிடும். பலரும் இடறுவது இந்த இடத்தில்தான்.

மின்சாரத்துக்கு 5 வோல்ட் போதும். சுவர் மின்சாரத்தை நேரே பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் நல்லது. மலிவான சார்ஜரில் இரைச்சல் கலந்து வரும். பிள்ளைகள் ஈயம் பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இனி அலைக்கம்பி. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவது. குன்று மறைத்தால் ஒலி மங்கும். தகரச் சுவரும் அலையைத் தடுக்கும். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் மின்னல் எஃப்.எம். கரகரப்பது இதனால்தான். கம்பியின் நீளம் அலை நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 96.3க்கு அது ஏறக்குறைய 3.1 மீட்டர்; கால் பங்கு 78 சென்டிமீட்டர். சாதாரண மின்கம்பியை அந்த அளவுக்கு வெட்டி, சன்னலோரம் நிமிர்த்திக் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பெட்டியைப் பலகையில் அடிக்கலாம். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் வார்க்கலாம். இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் அடுக்கடுக்காக இடுகிறது. ஓர் அடுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 500 அடுக்குகள். பொறுமை வேண்டிய வேலை! பட்டணத்தில் அச்சிட்டுத் தரும் கடைகளும் உண்டு.

பெட்டி அழகுக்கு மட்டும் அல்ல. ஒலிபெருக்கியின் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றையொன்று எதிர்த்து அழிப்பவை. பின்புறத்தைப் பெட்டி அடைத்துக்கொள்வதால்தான் மிருதங்கத்தின் கனத்த ஒலி நம் காதுக்கு வந்து சேர்கிறது. ஆகவே சுவர் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இடுக்கு இருந்தால் அடைத்துவிடுங்கள். பின்மூடியை ஒட்டாமல் திருகாணியால் பூட்டுவதே நம் யோசனை. பி.எல்.ஏ. என்னும் இழை ஏறக்குறைய 60 பாகை வெப்பத்திலேயே இளகிவிடும். அதனால் அடுப்பங்கரையிலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ இந்தப் பெட்டியை வைக்காதீர்கள்.