கடலடி மலைகளும் ஒலியின் பாதையும்

1960-ஆம் வருஷம் மார்ச்சு 21-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு அப்பால், 300 ராத்தல் வெடிகள் மூன்றைக் கடலுக்குள் வெடித்தார்கள். சுமார் 3 மணி 43 நிமிஷம் கழித்து, 12,000 மைலுக்கு அப்பாலுள்ள பெர்முடா தீவின் கடற்கருவிகளில் அச்சப்தம் பதிவாயிற்று! அதிலும் ஒரு விசித்திரம்: வெடித்த சப்தம் அரை நிமிஷ இடைவெளியில் இரட்டையாக வந்து சேர்ந்தது.

கடலில் கீழே செல்லச் செல்லக் குளிர்ச்சியால் ஒலியின் வேகம் குறைகிறது. இன்னும் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் மறுபடி கூடுகிறது. ஒலியோ வேகம் குறைந்த பக்கமாகவே வளையும் இயல்புடையது. ஆகவே, இடையிலுள்ள அடுக்கில், வாய்க்காலில் விட்ட நீரைப் போல் அது நெடுந்தூரம் ஓடுகிறது.

ஆனால் கடலடி சமதரை அன்று. வாய்க்கால்மட்டம் வரை எழும்பிய மலைக்குப் பின்னால் ஒலிக்கும் நிழல் உண்டு. சரிவான மேட்டில் மோதும் ஒலி, மோதுந்தோறும் சிறிது சிறிதாக ஆழமான பக்கம் திரும்பிவிடும். பெர்த் சப்தமும் இவ்வாறு கடலடி மேடுகளால் விலகி, இரு வழிகளில் போயிருக்க வேண்டுமென்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? நீர் சூடேறினால் ஒலி விரையும். அதைக்கொண்டு சமுத்திரத்தின் உஷ்ணத்தையே அளக்கலாமென்று, 1991 ஜனவரியில் வால்டர் மங்க் முதலிய விஞ்ஞானிகள் தென்னிந்து மகாசமுத்திரத்திலுள்ள ஹெர்ட் தீவின் அருகிலிருந்து ஒலி அனுப்பிப் பார்த்தார்கள். உஷ்ணத்தால் வரும் வித்தியாசமோ, அத்தனை தூரத்துக்கும் வருஷத்தில் ஒரு விநாடிகூட இராது. கடலடி மேடுகள் உண்டாக்கியதோ அரை நிமிஷம்! பாதை தெரியாமல் கணக்குப் போடுவது எங்ஙனம்? 2025-ஆம் வருஷம் வரையில், கடலடியில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் நேராக அளந்திருந்தார்கள்.