அடுப்பங்கரைக் கழிவும் தங்கவயல் பூந்தொட்டியும்

கோலார் தங்கவயலில் மண்ணுக்குப் பஞ்சமில்லை என்று வெளியூரார் எண்ணக்கூடும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலில் இறங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கல்மாவு ஊரைச் சுற்றிக் குன்றுகளாகக் குவிந்தது. ‘சயனைடு மேடு’ என்று வழங்கும் அக்குன்றுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தூள் உண்டு. காற்றுக் காலத்தில் அது வீட்டுக்குள்ளும் வந்து படியும். ஆயினும் அதில் ஒரு கனகாம்பரம்கூடச் செழிக்காது. மக்கிய இலைதழை சிறிதுமில்லாத அத்தூள் நனைந்தால் இறுகும்; காய்ந்தால் பறக்கும். தாதுக்களின் எச்சமும் அதில் உண்டாதலால், தொட்டியை நிரப்ப அதனை அள்ளி வருதல் அறவே கூடாது.

நெருங்கிய லைன் வீடுகளில் வாழும் நம்மவர்க்குத் தகர டப்பாவும் விளிம்புடைந்த குடமுமே தோட்டம். அதற்கு வேண்டிய உயிர்மண்ணை அடுப்பங்கரையே தருகிறது. காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், வாடிய பூசைப்பூ ஆகியவை போதும். தேயிலைச் சக்கையில் பாலும் சர்க்கரையும் கலந்திருப்பின், அலசிவிட்டே இடுதல் வேண்டும். சோறு, குழம்பு, ஊறுகாய், மீன் முள் இவற்றை விலக்குக. உப்பு வேரைக் கெடுக்கும். மீன் வாடை எலியை அழைக்கும்.

இக்கழிவைப் பச்சையாகவே செடியின் அடியில் கொட்டுவோர் பலர். செடி வெளுத்துப்போனால் ‘கண்ணேறு பட்டது’ என்பர். கண்ணேறு அன்று, நுண்ணுயிர்களின் பசியே காரணம். கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். கழிவில் அது போதாதபோது, செடிக்குரியதை மண்ணிலிருந்து அவை எடுத்துக்கொள்கின்றன. மக்கல் முடிந்த பின்னரே அச்சத்து வேருக்குத் திரும்புகிறது. ஆதலால் மக்குதல் வேறொரு பானையில் நடைபெற வேண்டும்.

இத்துறையில் பெயர் பெற்ற முறைகள் இரண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது வகுத்தது, குவியலைக் கிளறிக் காற்றோட்டம் தரும் முறை. 1939-இல் டாக்டர் சி.என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்தது, குப்பையையும் மலக்கழிவையும் குழியில் அடுக்கி மண்ணால் மூடிவிடும் முறை. பின்னது நகராட்சிகளுக்கு ஏற்றது, காலம் மிகுதியாகும். வீட்டுப் பானைக்கு இந்தூர் வழியே தக்கது என்பது நம் கருத்து.

அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட பழைய மண்பானையில் சருகைப் பரப்புக. ஒரு பிடி கழிவுக்கு இரு பிடி சருகு என்பது ஏறத்தாழச் சரியான அளவு. மேலே சிறிது தோட்டமண் தூவி மூடிவைக்கவும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுக. ஈரம், பிழிந்த துணியளவு இருந்தால் போதும். நாற்றம் எழுந்தால் நீர் மிகுந்தது. இன்னும் சருகு சேர்க்க வேண்டும். எதுவும் மாறாமல் கிடந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். ஏறத்தாழ மூன்று மாதத்தில் கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசம் வீசும்.

முட்டை ஓட்டைப் பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுவர். அதிலுள்ள சுண்ணாம்பு மிக மெதுவாகக் கரைவது. பொடி செய்யாமல் இட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழைத்தோலில் சாம்பல் சத்து மிகுதி. ஆயினும் அது ஒன்றையே நம்பி ரோஜாவை வளர்த்தல் இயலாது.

சலித்த உரம் ஒரு பங்குக்குச் செம்மண் மூன்று பங்கு சேர்த்துத் தொட்டியை நிரப்பலாம். பூக்கும் செடிகளுக்கு மாதம் ஒரு கைப்பிடி மேலுரமாக இட்டு, விளிம்போரம் லேசாகக் கொத்திவிடுதல் நன்று. மக்கிய உரம் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், தண்ணீருக்குக் குடத்துடன் காத்திருக்கும் கோடைநாட்களில் அரிசி கழுவிய ஒரு சொம்பு நீரே சிறு துளசித் தொட்டிக்குப் போதியதாகும். அந்நீரைப் புளிக்க விடாமல் அன்றன்றே ஊற்றிவிட வேண்டும்.