பசுமை நனோ: வேப்பிலைச் சாறும் வெள்ளித் துணிக்கையும்

வேப்பிலையை நாம் அறிந்திருப்பது அம்மைக்கும் ஆறாத புண்ணுக்குமான மருந்தாகவே. அதே இலையின் சாறு உலோகத் துணிக்கைகளை ஆக்கவும் வல்லது என்பதை, இந்தியாவின் பூனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் முரளி சாஸ்திரி குழுவினர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் எடுத்துக்காட்டினர்.

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்காகும். வெள்ளியை அந்த அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் நிறமும் குணமும் மாறிவிடுகின்றன. பற்றீரியாக்களைக் கொல்லும் ஆற்றல் கொண்டிருப்பதால் காயக்கட்டுகளில் அது பயன்படுகின்றது.

இத்துணிக்கைகளைப் பெறுவதற்கு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலுள்ள அயன்களுக்கு இலத்திரன்களை வழங்க வேண்டும். ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் இதற்குக் கையாளப்படுவது சோடியம் போரோஐதரைட்டு என்னும் நச்சுப்பொருள். உருவான துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாதிருக்க வேறொரு பொருளையும் சேர்க்க வேண்டியுள்ளது. இலைச்சாறோ இவ்விரு வேலைகளையும் தானே செய்துவிடுகின்றது. வேப்பிலையிலுள்ள வெல்லங்களும் தேர்ப்பினொயிட்டுகளும் அயன்களைத் தாழ்த்துகின்றன. தேர்ப்பினொயிட்டு, பிளேவனோன் போன்றவை துணிக்கையின் மேற்பரப்பில் போர்வை போலப் படிகின்றன என்று அக்குழுவினர் கருதினர். வெள்ளி உருவாவதைக் கரைசல் மஞ்சள் கலந்த கபில நிறமாவதிலிருந்து கண்ணாலேயே அறியலாம். எலுமிச்சைப் புல்லின் சாறு கொண்டு முக்கோண வடிவத் தங்கத் துணிக்கைகளையும் அதே குழுவினர் அதே ஆண்டில் பெற்றனர்.

அதற்காகப் பழைய முறைகள் அனைத்தும் நஞ்சு என்று கொள்வதற்கில்லை. 1951இல் டர்கேவிச் குழுவினர் தங்கத் துணிக்கைகளை ஆக்கக் கையாண்ட சித்திரேற்று, தேசிக்காய்ப் புளியிலுள்ள அமிலத்தின் உப்புத்தான்.

'பசுமை' என்ற சொல் இன்று தாராளமாகவே வழங்கப்படுகின்றது என்பது நமது கருத்து. இலை எதுவாயினும் வெள்ளி நைத்திரேற்று மாறுவதில்லை. சாற்றினால் ஆன துணிக்கையும் நீரில் வெள்ளி அயன்களை வெளிவிடும். அந்த அயன்கள் மீன்களுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் கேடானவை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பற்றீரியாக்களை நோய்க்கிருமிகளிலிருந்து பிரித்தறிய அவற்றுக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் இலையிலேயே உள்ளது. மாரிகால இலையும் கோடைகால இலையும் ஒன்றல்ல. மண்ணுக்கு மண் அதன் இரசாயனச் சேர்க்கை வேறுபடும். ஆகவே துணிக்கைகளின் பருமனும் வேறுபடலாம். மருந்துக்கு ஒரே பருமனுள்ள துணிக்கை வேண்டும். சாற்றிலுள்ள பல பொருட்களுள் எது எந்த வேலையைச் செய்கின்றது என்பதைத் தனித்தனியே பிரித்தறிந்தாலன்றி, இன்று கிடைத்த துணிக்கையை நாளையும் அவ்வாறே பெறுவது கடினம்.