ரெசாங் லா: உயிரோடு வந்தவர்கள் சொன்னதை நம்பாத நாடு... எல்லைப்புற நினைவிடங்கள் சொல்லும் கதை என்ன?

லடாக்கின் பாங்காங் ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் ஏரிக்கரையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே லே திரும்பிவிடுவார்கள். ஏரிக்குத் தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் சுஷுல் என்ற கிராமம் வரும். மரமே இல்லாத பரந்த சமவெளி, சுற்றிலும் மொட்டை மலைகள். அங்கே ஒரு போர் நினைவிடம் இருக்கிறது. 1962 சீனப் போரில் ரெசாங் லா கணவாயில் உயிரிழந்த வீரர்களுக்கானது.

2025 நவம்பரில் வெளியான '120 பகதூர்' இந்திப் படத்துக்குப் பிறகு, இந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்கள் நிறைய பேர். ஆனால், போருக்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

1962 நவம்பர் 18: என்ன நடந்தது?

சுஷுலில் அப்போது ஒரு விமான ஓடுதளம் இருந்தது. அது கைவிட்டுப் போனால் லே நகருக்கே ஆபத்து. அதனால் சுற்றியிருந்த மலைகளில் ராணுவம் காவல் போட்டது. அதில் ரெசாங் லா, 13-வது குமாவோன் பட்டாலியனின் 'சார்லி' கம்பெனி பொறுப்பில் இருந்தது. சுமார் 120 பேர். பெரும்பாலும் இன்றைய ஹரியானாவின் ரேவாரி வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தலைமை ஜோத்பூர் பகுதியைச் சேர்ந்த மேஜர் ஷைத்தான் சிங், வயது 37.

இடம் 16,000 அடிக்கும் மேல். சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே மூச்சு விடுவதே பெரும்பாடு. கையில் இருந்தது பழைய .303 ரைஃபிள். இன்னொரு சிக்கலும் இருந்தது. நடுவில் ஒரு மலைமுகடு குறுக்கே நின்றதால், பின்னால் இருந்த இந்திய பீரங்கிகளால் அவர்களுக்கு உதவிக்குச் சுட முடியாது. அதாவது, சண்டை வந்தால் அவர்களுக்கு அவர்களே துணை.

நவம்பர் 18 அதிகாலை சீனப்படை தாக்கியது. முதல் தாக்குதல்களை முறியடித்தார்கள். பிறகு பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, பின்பக்கமாகவும் ஆட்கள் வந்தார்கள். பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போய் வீரர்களை ஒருங்கிணைத்த ஷைத்தான் சிங் படுகாயம் அடைந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க முயன்ற வீரர்களிடம், 'என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்' என்று உத்தரவு போட்டார். ஒரு பாறையின் மறைவில் அவரைச் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் கீழே இறங்கினார்கள்.

சில நாட்களில் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. ரெசாங் லா பனிக்குள் போய்விட்டது.

ஏன் நம்பவில்லை?

உயிரோடு கீழே வந்தவர்கள் ஒரு சிலர்தான். கடைசி ஆள் வரை நின்று சண்டை போட்டார்கள், தோட்டா தீர்ந்த பிறகு கைகலப்பு வரை போனார்கள் என்று அவர்கள் சொன்னபோது, பலர் நம்பவில்லை.

அதற்கு அன்றைய மனநிலையும் ஒரு காரணம். அந்தப் போரில் பல முனைகளில் இந்திய ராணுவம் பின்வாங்கியிருந்தது. நாடே தோல்வியில் துவண்டு கிடந்தது. 'ஒரே ஒரு கம்பெனி இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததா?' என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. நேரில் பார்த்த சாட்சி இருந்தும், சாட்சி சொன்னவர்கள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள்.

1963 பிப்ரவரியில் அந்தப் பக்கம் போன ஆடு மேய்ப்பவர் ஒருவர், பனியில் உறைந்து கிடந்த உடல்களைப் பார்த்துத் தகவல் சொன்னார். ராணுவக் குழு மேலே போனது. மூன்று மாதமாகியும் உடல்கள் அப்படியே இருந்தன. பதுங்குகுழிகளில், ஆயுதத்தைப் பிடித்தபடியே பலர் உறைந்து போயிருந்தார்கள். ஷைத்தான் சிங் அதே பாறையருகே இருந்தார். கீழே வந்தவர்கள் சொன்னதற்கு, மேலேயே இருந்துவிட்டவர்கள் சாட்சி ஆனார்கள்.

மற்றவர்களின் உடல்கள் அங்கேயே ராணுவ மரியாதையோடு தகனம் செய்யப்பட்டன. ஷைத்தான் சிங்கின் உடல் ஜோத்பூர் கொண்டுசெல்லப்பட்டது. அவருக்கு நாட்டின் உயரிய போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை சில இடங்களில் 110 என்றும், நினைவிடத்தில் 114 என்றும் சொல்லப்படுகிறது.

நினைவிடத்தை எதற்கு அவ்வளவு தூரத்தில் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்விதான். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் இருக்கிறது, ரேவாரியிலும் ரெசாங் லா வீரர்களுக்கு நினைவிடம் உண்டு. பொதுமக்கள் சுலபமாகப் போகக்கூடிய இடங்கள் இவை.

எல்லை முகாமில் இருக்கும் நினைவிடத்துக்கு வேலையே வேறு. அதன் முதல் வாசகர், அங்கே புதிதாகப் பணிக்கு வரும் சிப்பாய். 20 வயதில், வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் டிகிரி குளிரில் நிற்கப்போகும் ஒருவருக்கு, 'உனக்கு முன்னால் இங்கே நின்றவர்கள் இவர்கள்' என்று சொல்லும் இடம் அது.

அருணாச்சலப் பிரதேசத்தில் தவாங் போகும் வழியில் இருக்கும் ஜஸ்வந்த் கர் இதற்கு இன்னொரு உதாரணம். 1962-ல் நூரானாங் சண்டையில் உயிரிழந்த 4-வது கர்வால் ரைஃபிள்ஸ் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம். அங்கே அவருக்குப் படுக்கை விரிக்கிறார்கள், டீ வைக்கிறார்கள், சீருடையை இஸ்திரி போடுகிறார்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். அவர் இன்னும் டியூட்டியில் இருக்கிறார் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

அவர் தனியாளாக 72 மணி நேரம் சண்டையிட்டார் என்பது மக்களிடையே பரவிய கதை. மகாவீர் சக்ரா பெற்றுத்தந்த செயல் வேறு. இரண்டு தோழர்களோடு தவழ்ந்து போய், எதிரியின் மெஷின் கன்னையே கைப்பற்றியதற்காக அந்த விருது. கதை பெரிதாகப் பெரிதாக, கூடப்போன த்ரிலோக் சிங், கோபால் சிங் இருவரின் பெயரும் மறைந்துபோவதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1984 முதல் இந்திய வீரர்கள் நிற்கும் சியாச்சின் பனிமலையில், அடிவார முகாமில் ஒரு போர் நினைவிடம் இருக்கிறது. அங்கே துப்பாக்கியைவிட அதிக உயிர்களை எடுத்தது பனிதான். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தனர். அதில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்ட கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் உயிரிழந்தார்.

அதே சியாச்சினில் 1984-ல் பனிச்சரிவில் காணாமல்போன ஒரு வீரரின் உடல், 38 ஆண்டுகள் கழித்து 2022 ஆகஸ்டில் கிடைத்தது. ராணுவ எண் பொறித்த உலோக வில்லையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அத்தனை வருடம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சமாதிகூட இல்லை. பெயர் பொறித்த ஒரு கல் ஏன் தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது ரெசாங் லா எப்படி இருக்கிறது?

சுஷுல் நினைவிடம் புதுப்பிக்கப்பட்டு, 2021 நவம்பர் 18 அன்று பாதுகாப்புத்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்கால் திறந்துவைக்கப்பட்டது. எல்லைப்புறப் போர்க்களங்களுக்குப் பொதுமக்களை அழைக்கும் 'பாரத் ரணபூமி தர்ஷன்' திட்டமும் 2025 ஜனவரியில் தொடங்கியது.

ஆனால், இன்னொரு செய்தியும் உண்டு. ஷைத்தான் சிங்கின் உடல் கிடைத்த இடத்தில் தனியாக ஒரு சிறிய நினைவுச்சின்னம் இருந்தது. 2020 லடாக் மோதலுக்குப் பிறகு இந்தியாவும் சீனாவும் படைகளை விலக்கிக்கொண்டபோது, யாரும் நுழையக்கூடாத இடைப்பகுதிக்குள் அந்த இடம் வந்ததால் சின்னம் அகற்றப்பட்டது என்று சுஷுல் பகுதியின் முன்னாள் கவுன்சிலர் ஒருவர் 2023 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். மேய்ச்சல் நிலங்களுக்குப் போக முடியவில்லை என்பது அந்த வட்டார மக்களின் நீண்டநாள் புகாரும்கூட.

அன்று ரெசாங் லாவின் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆடு மேய்க்கப் போன ஒருவர்தான். அந்த மலைகளில் மேய்ப்பவர்கள் நடமாடும் வரைதான் அங்கே நடப்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியவரும். சுஷுல் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால், அனுமதி விதிகளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நினைவிடத்தில் இருக்கும் பெயர்களை ஒருமுறையாவது முழுசாகப் படியுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.