‘வெல்டிங் வெச்சா போதாதா?’ – காரின் முன்பக்க சப்ஃப்ரேமை மாற்றுவது ஏன், எப்படி?

ஊட்டியிலிருந்து கிளென்மார்கன் பக்கம் போகும் தேயிலைத் தோட்டப் பாதை. பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ‘டங்’ என்று ஒரு சத்தம். அதன்பிறகு ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. பிரேக் போட்டால் அடியில் ‘டக்’ என்கிறது. பெரும்பாலும் புஷ் அல்லது பால் ஜாயின்ட் தேய்மானமாக இருக்கும். சில நேரம், காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கும் மெக்கானிக், “கிராஸ் மெம்பரே போச்சு சார்” என்பார்.

சப்ஃப்ரேம்னா என்ன?

சிறிய கார்களுக்கு லாரி போலத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியின் முன்பகுதியில், அடியில் போல்ட் போட்டுப் பொருத்தப்படும் இரும்புச் சட்டம்தான் சப்ஃப்ரேம். லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக், பல மாடல்களில் இன்ஜின் மவுன்ட் ஒன்றும் இதில்தான் நிற்கின்றன. 1959இல் பிரிட்டனில் அறிமுகமான மினி காரிலேயே இந்த அமைப்பு உண்டு.

ஏன் கெடுகிறது?

ஒன்று, பலமான அடி. இன்னொன்று துரு. மலைப்பகுதியின் மழையிலும் பனிமூட்டத்திலும் சட்டத்தின் இடுக்குகளில் சேரும் சேறு எளிதில் காயாது. வெளியே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம்.

வெல்டிங் வெச்சா போதாதா?

போதாது. அரித்த தகட்டில் வெல்டிங் உறுதியாக நிற்காது. சூட்டில் சட்டமும் கோணலாகும். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும். லோயர் ஆர்ம் பிடிமானம் விட்டுப்போனால் சக்கரமே மடங்கிவிடும். ஊட்டி–மசினகுடி இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி சாலையில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்படி மாற்றுகிறார்கள்?

* முதலில் இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது.
* ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட்டுத்தான் ரேக்கைக் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் தானாகச் சுற்றினால் ஏர்பேக்குக்கான வயர்ச்சுருள் அறுந்துவிடும்.
* லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் லிங்க், இன்ஜின் மவுன்ட் ஆகியவற்றைக் கழற்றியபின், பழைய சட்டத்தை ஜாக்கியில் தாங்கி மெல்ல இறக்குவார்கள்.
* புதிய சட்டத்தில் எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, சட்டத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி, பிறகே டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்குவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.
* லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வண்டியை எடுக்கும் முன்...

மூன்று கேள்விகள் கேளுங்கள். போல்ட்டுகள் புதுசா? டார்க் ரென்ச் போட்டாங்களா? வீல் அலைன்மென்ட் ரிப்போர்ட் எங்கே? பழைய சட்டத்தையும் காட்டச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் சட்டம் போடுவதாக இருந்தால், அது விபத்தில் சிக்கிய காரிலிருந்து வந்ததா என்று விசாரிப்பது அவசியம். எல்லாம் சரி என்றால், முதலில் சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மலைப்பாதை அதற்குப் பிறகு!